கேள்விகளோடு புறப்படுதல்: வணிகம் கற்க அயல்நாடு செல்லும் மாணவர்களும் தமிழும்



வணிகம் கற்க அயல்நாடு செல்லும் மாணவர்களை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பது பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தபோது சற்றுத் தயங்கினேன். இது மொழிக்கான மேடை. நானோ கணக்கியலும் வணிக மேலாண்மையும் கற்பித்து ஓய்வுபெற்றவன். நம் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களைப் பல ஆண்டுகள் அயல்நாட்டுக் கற்றல் பயணங்களுக்கு அழைத்துச் சென்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதியில்லை. கடவுச்சீட்டு, காப்புறுதி, தடுப்பூசி, உடை, உணவு ஆகியவற்றைப் பற்றிப் பேச ஒரு மன்றம் கூடவேண்டியதில்லை. ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். ஆயினும் ஆயத்தத்துக்கும் மொழிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அது எனக்கு ஒரு பிழையின் வாயிலாகவே விளங்கிற்று. அப்பிழை மாணவர்களுடையதன்று, என்னுடையது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இருபது மாணவர்களுடன் தமிழ்நாட்டின் திருப்பூருக்குச் சென்றோம். அவர்களுள் நால்வர் மட்டுமே தமிழ் மாணவர்கள். ஏனையோர் சீனரும் மலாய்க்காரரும். பின்னலாடைத் தொழிலில் திருப்பூரின் இடத்தை நான் விளக்கவேண்டியதில்லை. நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் பருத்திச் சட்டைகளில் சில அங்கே தைக்கப்பட்டவையாக இருக்கலாம். உள்ளூரில் அதற்குப் பின்னலாடை என்று பெயரில்லை. 'பனியன்' என்பதே பெயர். எத்தனை பெரிய ஏற்றுமதி நிறுவனமாயினும் அங்கு வேலை செய்பவருக்கு அது 'பனியன் கம்பெனி'தான். (பனியன் என்ற சொல்லே வணிகரைக் குறிக்கும் குசராத்திச் சொல் ஒன்றிலிருந்து பிறந்து, போர்த்துக்கேயர், ஆங்கிலேயர் நாவில் உருமாறி, வணிகரிடமிருந்து ஆடைக்கு வந்து சேர்ந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். வணிகம் பற்றிய உரைக்கு இதைவிடப் பொருத்தமான ஆடை இல்லை.)

நாங்கள் முறைப்படி ஆயத்தம் செய்துகொண்டுதான் சென்றோம். இரண்டு வாரம் வகுப்பு நடத்தினேன். நூல், பின்னல், சாயம், வெட்டு, தையல், சரிபார்ப்பு, இஸ்திரி, பொதிதல் என உற்பத்திச் சங்கிலியை வரைந்து காட்டினேன். தமிழ் மாணவர் நால்வரையும் மொழிபெயர்ப்பாளராக நியமித்தேன். உயர்தமிழ் பயின்று நற்றேர்ச்சி பெற்றவர்கள். அவர்களுக்கு மேலும் என்ன ஆயத்தம் வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் நாளே என் நினைப்பு ஆட்டங்கண்டது. ஒரு தொழிற்கூடத்தில் எங்கள் மாணவி ஒருத்தி மேற்பார்வையாளரிடம், "தங்கள் நிறுவனத்தின் உற்பத்தித் திறன் யாது?" என்று கேட்டாள். பிழையற்ற தமிழ். அவர் ஒரு கணம் திகைத்துப் பிறகு சிரித்து, "ஒரு நாளைக்கு எத்தன பீஸ் எறங்குதுன்னு கேக்கறயா கண்ணு?" என்றார். அவள் முகம் சிவந்தது. கொங்கு நாட்டில் 'கண்ணு' என்பது அன்பின் விளி என்பதும் அவளுக்குத் தெரியாது. தன்னைச் சிறுமியாக எண்ணி எள்ளுகிறார் என்று நினைத்துவிட்டாள். அதன்பின் அன்று முழுவதும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இது சிறிய சங்கடம். பெரிய பிழை மூன்றாம் நாள் நேர்ந்தது. மாலையில், தொழிற்கூடத்துக்கு வெளியே இருந்த ஒரு பேக்கரியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கொங்குப் பகுதியில் தேநீர்க்கடைகளுள் பல பேக்கரிகள்தாம். அங்கே, காலையில் நாங்கள் பார்த்த செக்கிங் பிரிவுப் பெண்மணி ஒருவர் இடைவேளையில் வந்திருந்தார். அதே மாணவி துணிவை வரவழைத்துக்கொண்டு அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். வேலை எப்படி என்று கேட்டதற்கு, "நாங்க ஒன்றரை ஷிப்டு பாக்கறோம்" என்றார் அவர். மாணவி அதை ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டாள். ஊர் திரும்பியபின் அவள் குழு எழுதிய அறிக்கையில், தொழிலாளர்கள் தம் வசதிக்கேற்ப ஒரு முறையோ, ஒன்றரை முறையோ தெரிவுசெய்து பணியாற்றும் நெகிழ்வான ஏற்பாடு அங்கே உள்ளது என்றும், அது பாராட்டத்தக்க மனிதவள உத்தி என்றும் ஒரு பத்தி இடம்பெற்றது. அப்பத்தியின் ஓரத்தில் நான் சிவப்பு மையால் 'சிறந்த அவதானிப்பு' என்று எழுதினேன்.

அக்குழுவில் தமிழறியாத சீன மாணவன் ஒருவனும் இருந்தான். பேச்சு புரியாததால் அவன் கண்ணால் பார்த்தவற்றையும் கடிகாரத்தையும் மட்டுமே தன் நாட்குறிப்பில் எழுதிவந்தான். ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் எத்தனை சட்டைகளைப் புரட்டிப் பார்க்கிறார் என்று எண்ணி எழுதியிருந்தான். மூன்றாம் நாள் குறிப்பில், காலை ஒன்பது மணிக்கு நாம் சென்றபோது மேசையில் நின்ற நீலச்சேலைப் பெண்மணி, இரவு உணவை முடித்துக்கொண்டு நம் பேருந்து அவ்வழியே திரும்பிய ஒன்பது மணிக்கு வாயிலைவிட்டு வெளியே வந்தார் என்று ஒற்றை வரி இருந்தது. பேக்கரியில் பேசிய அதே பெண்மணி. அறிக்கையும் நாட்குறிப்பும் ஒரே இரவில் என் மேசைமீது அருகருகே கிடந்தன. இரண்டையும் படித்தேன், இரண்டுக்கும் மதிப்பெண் இட்டேன். ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான வேலையில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், கட்டுமானத் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. இங்கு வருமுன் ஆறு ஆண்டுகள் திருப்பூரில் இருந்தவர். பேச்சுவாக்கில் அந்த ஒன்றரை ஷிப்டைக் குறிப்பிட்டேன். "ஒரு ஷிப்டுன்னா எட்டு மணி நேரம் சார். ஒன்றரைன்னா பன்னண்டு. காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி ஒம்பதாயிடும்" என்றார். அவருக்கு அது வியப்புக்குரிய செய்தியே அன்று. அங்கே ஷிப்டு என்பது வேலை நேரத்தின் பெயர் மட்டுமன்று. கூலியை அளக்கும் அலகு. வாரக் கூலியையே அத்தனை ஷிப்டு என்றுதான் எண்ணுவார்கள். ஆர்டர் குவியும் காலத்தில் ஒன்றரை என்பது தெரிவாக இருப்பதில்லை. சில வேளைகளில், கூடுதல் கூலிக்காகத் தொழிலாளரே விரும்பி ஏற்பதும் உண்டு என்று நேர்மையாகவே அவர் சொன்னார். எப்படியாயினும், ஒரு பெண்ணின் பன்னிரண்டு மணி நேர நாள், எங்கள் அறிக்கையில் நெகிழ்வான ஏற்பாடாகிவிட்டது. அந்த அறிக்கையைக் கல்லூரியில் அடுத்த குழுவுக்கு மாதிரியாகவும் கொடுத்திருந்தோம்.

அன்றிரவு நான் யோசித்தது இது. அந்த மாணவிக்குத் தமிழ் தெரியாமல் இல்லை; அந்தத் தொழிலின் தமிழ்தான் அவளுக்குத் தெரியவில்லை. சொல் எளிதாக இருந்ததால் பொருளும் தெரிந்துவிட்டதாக அவள் நம்பினாள். அயல்மொழியாக இருந்திருந்தால் ஒருவேளை மீண்டும் கேட்டிருப்பாள். தாய்மொழி சில இடங்களில் நம்மை இவ்வாறு ஏமாற்றும்.

வணிகம் கற்கக் கடல் கடப்பது நமக்குப் புதிதன்று என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவீர்கள். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த காலத்தை நேரில் கண்டவர்களும் இந்த அவையில் இருக்கக்கூடும். நகர மறுசீரமைப்பில் எழுபதுகளில் அவை மறைந்தன. 1859-இல் எழுந்த தேங் ரோடு தண்டாயுதபாணி கோயில் மட்டும் அவ்வரலாற்றின் சாட்சியாக நிற்கிறது. நீண்ட கூடத்தின் இருபுறமும் வரிசையாகப் பெட்டகமும் சாய்வு மேசையும் வைத்துத் தரையில் அமர்ந்து ஒவ்வொரு நிறுவனமும் தொழில் நடத்திய இடம் அது. செட்டிநாட்டிலிருந்து சிறுவயதிலேயே வந்தவர்கள் பெட்டியடிப் பையன்களாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பின்னர் நிறுவனத்தையே நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தனர். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் வருவார்கள். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார்கள். நாம் இன்று பத்து நாளில் முடித்துக்கொள்ளும் கற்றல் பயணத்தின் பழைய வடிவம் அது என்று கொள்ளலாம்.

அவர்களுடைய ஆயத்தம் ஊரிலேயே, திண்ணைப்பள்ளியிலேயே தொடங்கியது. எண்சுவடியை மனனம் செய்தார்கள். கால், அரைக்கால், மாகாணி எனப் பின்னங்களை நாவிலேயே பெருக்கினார்கள். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்கள் அவர்களுக்குத் தேர்வுக்காகப் படித்தவை அல்ல. வீட்டில் காதில் விழுந்தவை. தவணை வட்டிக்கும் நடப்பு வட்டிக்கும் உள்ள வேறுபாடு, கப்பலேறுமுன்பே தெரியும். தமிழ் வணிகர் சென்ற இடங்களில் சொற்களும் தங்கின. மலாய்மொழியில் கடைக்குக் 'கெடாய்' என்றும், முதலீட்டுக்கு 'மொடால்' என்றும் வழங்குவது நம் 'கடை'யும் 'முதலு'மே. எங்கள் குழுவிலிருந்த மலாய் மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது, திருப்பூர்க் கடைவீதியில் அவர்கள் பெயர்ப்பலகைகளைத் தமிழ் மாணவர்களைக் காட்டிலும் ஆவலாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள்.

ஆனால் பழமையைப் போற்றிவிட்டு நகர்ந்துவிட நான் விரும்பவில்லை. அந்த ஆயத்தத்திலும் ஒரு குறை இருந்தது. பர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930 வாக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது; கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள் அடைமானத்திலிருந்து கைமாறின; 1938-க்குள் அந்த அளவு ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. கணக்கேட்டின்படி அது முறையான வரவு. அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவும் இல்லை. பணமாகத் திரும்பியிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆயினும் நிலமிழந்த உழவர் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பது எந்தப் பேரேட்டிலும் பதிவாகவில்லை. அதன் பின்விளைவுகளை, 1942-இல் சப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவைவிட்டு வெளியேறிய குடும்பங்களும், போருக்குப்பின் நிலத்தை மீட்க முடியாமல் போன நிறுவனங்களும் அறியும். தொழிலின் உள்மொழியைக் கரைத்துக் குடித்தவர்களே, எதிரே அமர்ந்து கடன் வாங்கியவரின் மொழியைக் கேட்கத் தவறினார்கள் என்பது என் கருத்து. வரலாற்று அறிஞர்கள் இதற்கு வேறு காரணங்களும் கூறுவர், மறுக்கவில்லை.

ஆக, இரண்டு வகைக் குறைகள். முன்னோருக்குக் கணக்கின் மொழி தெரிந்தது, மனிதர் மொழி போதவில்லை. எங்கள் மாணவிக்கு ஏட்டின் மொழி தெரிந்தது, கணக்கின் மொழியும் அதை வாழ்ந்தவர் மொழியும் தெரியவில்லை. இவற்றை ஈடுசெய்ய அடுத்தடுத்த பயணங்களில் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். எல்லாமே வெற்றி என்று சொல்லமாட்டேன்.

முதலாவதாக, ஆயத்த வகுப்பை வகுப்பறையிலிருந்து வெளியே கொண்டு வந்தேன். ஒவ்வொரு குழுவும் சிராங்கூன் சாலையில் ஒரு பனியனை வாங்கவேண்டும். விலைச்சீட்டிலிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும். கடைக்காரருக்கு இது யாரிடமிருந்து வந்தது, எத்தனை நாள் கடனுக்கு வந்தது, விற்காமல் தங்கியதை என்ன செய்வார், திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கும், அங்கிருந்து பெரும்பாலும் கொழும்பு வழியாகவும் சரக்கு வருவதற்கு எத்தனை நாளாகிறது என்று கேட்கவேண்டும். பாதிக் கடைக்காரர்கள் துரத்திவிட்டார்கள். வேலை நேரத்தில் வந்து கேள்வி கேட்கும் மாணவரை யார் விரும்புவர்? மதியத்துக்கு முன், கூட்டமில்லாத வேளையில் போகவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வதற்கே ஒரு வாரம் ஆயிற்று. அதுவும் வணிகப் பாடந்தான்.

இரண்டாவது, சொற்பட்டியல். அகராதியிலிருந்து தொகுக்கக்கூடாது, அத்தொழிலில் இருந்தவரின் வாயிலிருந்து கேட்டே எழுதவேண்டும் என்று விதி வைத்தேன். நம் தீவில் திருப்பூரையும் சிவகாசியையும் நாமக்கல்லையும் அறிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்; ஞாயிறுதோறும் தேக்காவில் நம்மைக் கடந்து செல்கிறார்கள். அவர்களை நாம் ஆசிரியர்களாக நினைத்ததில்லை, அவ்வளவுதான். கைமடி என்றால் தையற்காரருக்குத் துணிப்பகுதிகளை மடித்து எடுத்துக்கொடுக்கும் உதவியாள் என்பதையும், பவர்டேபிள் என்றால் மேசையன்று, பிற நிறுவனங்களுக்காகத் தைத்துக் கொடுக்கும் சிறு தையற்கூடம் என்பதையும், செகண்ட்ஸ் சரக்கு காதர்பேட்டையில் எவ்வாறு விலைபோகும் என்பதையும் எங்களுக்கு விளக்கியவர், அன்று ஷிப்டுக்குப் பொருள் சொன்ன அதே இளைஞர். கல்லூரியின் அனுமதி பெற்று அவரை வகுப்புக்கே அழைத்தோம். கரும்பலகைக்கு முன் நிற்கக் கூச்சப்பட்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே இரண்டு மணி நேரம் பேசினார்.

இங்கே ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். 'உற்பத்தித் திறன்' போன்ற நல்ல தமிழைக் கைவிட்டு 'பீஸ் எறங்குது' என்று பேசப் பழக்குவதா என்பது உங்கள் கவலை. அவ்வாறன்று. அறிக்கையில் உற்பத்தித் திறன் என்றே எழுதட்டும். ஆனால் தொழிற்கூடத்துக்குள் நுழையும்போது அங்குள்ளவர் மொழி அவர்கள் காதில் இருக்கவேண்டும். அன்றி, ஏட்டுத்தமிழை விட்டால் ஆங்கிலம் என்ற இரண்டே வழிகள் எஞ்சினால், மாணவர் ஆங்கிலத்துக்கே போவார்கள். ஆங்கிலம் பேசும் மேலாளரோடு மட்டுமே பேசுவார்கள். அவர் காட்டும் படவிளக்கத்தை மட்டுமே பார்த்துத் திரும்புவார்கள். தமிழ் தெரிந்தும் அதனால் அவர்களுக்கு ஒரு பயனும் இராது.

மூன்றாவது, யாரிடம், எவர் முன்னிலையில் கேட்பது என்னும் பழக்கம். சம்பளம் எவ்வளவு என்று மேற்பார்வையாளர் அருகில் நிற்கும்போது ஒரு தொழிலாளியிடம் கேட்பது அறியாமை மட்டுமன்று; நாம் விமானம் ஏறியபின் அதன் விளைவை அவர்தாம் ஏற்கவேண்டியிருக்கும். இதை மாணவர்களுக்குப் புரியவைக்க வகுப்பில் நடித்துக் காட்டினோம். ஒருவர் தொழிலாளி, ஒருவர் மேற்பார்வையாளர், ஒருவர் வினவும் மாணவர். மேற்பார்வையாளராக நடித்தவன் ஒன்றுமே பேசவில்லை, கைகட்டி நின்றான். அதுவே போதுமானதாக இருந்தது.

நிகழ்ச்சி நிரலில் இல்லாததைத் தேடவும் பழகவேண்டும். திருப்பூரில் தைக்கும் கூடத்தை எவரும் காட்டுவார்கள். சாயப்பட்டறையைக் காட்டத் தயங்குவார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல் ஆறு அவ்வூரின் நடுவே ஓடுகிறது. சாயக்கழிவு பல ஆண்டுகள் அதில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழ்மடை உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாய, சலவை ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஓர் ஊரின் தொழிலே அன்று தடுமாறிற்று. இன்று, நீரைச் சவ்வுகளில் வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து, உப்பைத் தனியே பிரித்து எடுத்து, நீரை மீண்டும் சாயமிடவே பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஆகும் செலவு ஒவ்வொரு கிலோ துணியின் சாயக் கூலியிலும் இருக்கிறது. இதை அறிந்து சென்ற குழு, "தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?" என்று கேட்டது. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, எங்களை வரவேற்ற உரிமையாளர் படவிளக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் தம் கடன்களைப் பற்றிப் பேசினார். போட்டி நாடுகளில் இந்தச் செலவு இல்லாதவர்களோடு ஒரே விலைக்கு விற்கவேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கீழ்மடையில் தென்னைகளை இழந்த உழவரிடமும் நியாயம் இருந்தது. இருவரையும் கேட்ட மாணவர்கள் ஊர் திரும்பி எழுதிய அறிக்கை முன்னவற்றைவிட நீளம் குறைவு. முடிவுரை எழுத முடியவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அந்த முதல் அறிக்கையை எழுதிய மாணவி இப்போது சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள். உண்மையை அறிந்தவுடன் அவளுக்கு எழுதினேன். மாதிரி அறிக்கையில் அந்தப் பத்தியை நீக்கவேண்டாம், அடித்துவிட்டு அருகில் சரியானதை எழுதி வையுங்கள், அடுத்தவர்கள் இரண்டையும் பார்க்கட்டும் என்று பதில் எழுதினாள். அவ்வாறே செய்திருக்கிறோம். என் சிவப்பு மைக் குறிப்பும் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு குழு புறப்படுகிறது. அவர்களுள் ஐவர் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் தொகுத்த சொற்பட்டியலில் சில சொற்களுக்கு எங்களுக்கு இன்னும் தெளிவான பொருள் கிடைக்கவில்லை. உங்களில் திருப்பூர், கோவை, ஈரோட்டுப் பக்கத்தவர் எவரேனும் இருந்தால், உரை முடிந்ததும் அவர்கள் வாயிலருகே தாளும் எழுதுகோலுமாக நிற்பார்கள். வீட்டுக்கு விரையுமுன் அவர்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.